அங்கிக்கு உள்ள மரியாதை

சபைகளுக்குப் பொறுப்பான சேகரகுருவின் அறையில் பூட்டுப் போட்ட பீரோ ஒன்று இருக்கும். அதற்குள் மூன்று தடித்த பதிவேடுகள்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். புதிதாகப் பட்டம் பெற்று வரும் குருவானவருக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது பிரசங்கத்தை அல்ல, இந்தப் பதிவேடுகளைத்தான். எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் ஒரு கோடு இழுத்து, சரியானதை ஓரத்தில் எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். முதலில் எழுதியதும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் ஊழியம் செய்து 2020இல் ஓய்வுபெற்றேன். எத்தனையோ திருமணங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் 1987ஆம் ஆண்டின் ஒரு வரி இன்றும் என்னைக் கூசவைக்கிறது. அந்த வரியில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

அந்தப் பையன் பாடகர் குழுவில் டெனர் பாடுவான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தான். ஆர்மோனியத்தை மூடுகிற சாக்கில் முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு, தனக்குப் பெண்கள்மேல் நாட்டம் வருவதே இல்லை, வருவதெல்லாம் ஆண்கள்மேல்தான் என்று சொன்னான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இறையியல் கல்லூரியில் இதற்கு ஒரு வகுப்புகூடக் கிடையாது. எனக்குத் தெரிந்த மருந்துகள் இரண்டு: உபவாச ஜெபம், கல்யாணம். மூன்று வெள்ளிக்கிழமை அவனை முழங்கால் போடவைத்து ஜெபித்தேன். பிறகு அவன் அப்பாவிடம் காரணம் சொல்லாமல், "தம்பிக்குச் சீக்கிரம் ஒரு பொண்ணு பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

பார்த்தார்கள். எங்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் எவருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சபையைக் கேட்க வேண்டும். மூன்று வாரமும் கேட்டேன். கேட்டுவிட்டு, வழக்கம்போல் ஒரு மூச்சு நிறுத்தினேன். தடை தெரிந்தவர்கள் அந்தக் கோவிலில் இரண்டு பேர். ஒருவன் பாடகர் குழுவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் அங்கி போட்டுக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பெண் ஐயரம்மாவைப் பார்க்க வந்ததுபோல வீட்டுக்கு வந்தாள். என் மனைவி காபி போட உள்ளே போன நேரத்தில் கேட்டாள்: "ஐயா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

பிரதான ஆசாரியரின் அரமனை முற்றத்தில் பேதுரு சொன்ன பதிலைத்தான் நானும் சொன்னேன். தெரியாது என்றேன்.

அவள் தாய் வீட்டுக்குப் போனாள். அவன் பம்பாய்க்கு ரயில் ஏறினான். அப்புறம் அவனைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

1996இல் மருத்துவமனை ஊழியப் பயிற்சிக்காக ஓராண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்க வாய்ப்பு வந்தது. மருத்துவமனைக் குருவான சாப்ளினின் வேலையில் பீடம் கிடையாது, பாட்டு கிடையாது, காணிக்கைத் தட்டு கிடையாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கஷ்டம் அதற்குப் பிறகுதான். நோயாளியும் நாமும் பேசியதை நினைவிலிருந்து வரி வரியாக, நாடகம்போல எழுதி, வாரம் ஒரு நாள் சக பயிற்சி மாணவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். அவர்கள் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள்.

அது எய்ட்ஸ் சிகிச்சையே திசை திரும்பிய வருடம். கூட்டு மருந்துகள் வந்து, சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே முதல் உள்நோயாளிப் பிரிவு 1983இல் திறக்கப்பட்டது அந்த நகரத்தில்தான். மருந்து வரத் தாமதமானவர்கள் இன்னும் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்படி ஒருவர் கட்டிலருகே இன்னொரு ஆண் அவர் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணன் தம்பியா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "நண்பரா?" என்றேன். படுத்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "பதினான்கு வருடமாக" என்று மட்டும் சொன்னார் மற்றவர். நான் உடனே, ஜெபிப்போமா என்றேன்.

இதை எழுதி வாசித்தபோது எங்கள் பயிற்சியாளர், நரைத்த தலை அம்மையார், தாளை வாங்கி ஜெபம் தொடங்கிய வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். "இந்த இடத்தில் ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது?" என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை. அப்போது ஏனோ எனக்கு ஆர்மோனியம் ஞாபகம் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை கிளைடுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்" என்றார்.

அப்போது மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்திருந்த கிளைட் மெமோரியல் ஆலயம் டெய்லர் தெருவும் எல்லிஸ் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. அந்த வட்டாரத்துக்கு டெண்டர்லாயின் என்று பெயர். மலிவு விடுதிகள், மதுக்கடைகள், நடைபாதையிலேயே குடியிருப்பவர்கள். ஆராதனைக்கு முன்னே சாப்பாட்டு வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. தினமும் மூன்று வேளை இலவச உணவு. உள்ளே போனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீடத்தில் சிலுவை இல்லை. ட்ரம்ஸ், கிட்டார், ஒரு பெரிய பாடகர் குழு. என் வலப்பக்கம் நல்ல கோட்டு போட்ட முதியவர், இடப்பக்கம் தன் உடைமை முழுவதையும் ஒரு பையில் வைத்திருந்த பெண், முன்வரிசையில் கைகோத்துக்கொண்டு இரண்டு ஆண்கள். முன்னால் நின்று பேசியவர் அந்த ஆலயத்தின் போதகர் செசில் வில்லியம்ஸ்.

சிலுவையை அவர் எடுத்தது 1967இல். சிலுவை சாவின் அடையாளம், நாம் உயிரோடு இருப்பவர்களைக் கொண்டாட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. என் மேசைமேல் சிலுவை இருக்கிறது. ஒருவரிடம் கற்றுக்கொள்வதற்கு அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை.

வில்லியம்ஸ் 1929இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோவில் பிறந்தவர். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாசல் என்றிருந்த காலம். டாலஸ் நகரின் பெர்கின்ஸ் இறையியல் கல்லூரியில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஐந்து கறுப்பின மாணவர்களில் ஒருவர். வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கிற ஊரிலிருந்து போன எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. 1963இல் அவர் கிளைடுக்கு வந்தார்.

அதற்கு முன்பே அங்கே டெட் மெக்கில்வென்னா என்ற இளம் மெதடிஸ்ட் போதகர் தெரு இளைஞர்களிடையே வேலை செய்யத் தொடங்கியிருந்தார். தெருவில் நின்ற பிள்ளைகளில் பலர், தங்கள் நாட்டம் வீட்டுக்குத் தெரிந்ததால் விரட்டப்பட்டவர்கள். இவர்களுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, விரட்டுகிறவர்களுக்கு விரட்டச் சொல்லிக்கொடுப்பதே நாம்தான் என்று அவருக்குப் புரிந்தது. 1964 மே மாதக் கடைசியில், மில் வேலி என்ற மலையடிவார ஊரிலிருந்த தியான இல்லத்தில் ஒரு கூட்டம் போட்டார். ஒரு பக்கம் பல சபைகளின் போதகர்கள், மறுபக்கம் தன்பாலின ஈர்ப்பாளர் அமைப்புகளின் தலைவர்கள், ஏறக்குறைய முப்பது பேர். 1955இலேயே பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கிய டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் அவர்களில் உண்டு. போதகர்களில் பலர் இப்படிப்பட்ட ஒருவரை, தெரிந்து, எதிரில் வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியே பழகிய கூட்டம் சில நாட்கள் உட்கார்ந்து கேட்டது. எங்கள் தொழிலில் அது சின்னக் காரியம் அல்ல.

அந்த ஆண்டு முடிவதற்குள் இரு தரப்பும் சேர்ந்து ஒரு மன்றம் அமைத்தார்கள். வில்லியம்ஸ் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். சமயத்துக்கும் தன்பாலின ஈர்ப்பாளருக்குமான மன்றம் என்று பெயரிலேயே வெளிப்படையாக எழுதினார்கள். எல்லோரும் மறைபெயரில் இயங்கிய காலத்தில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதே துணிச்சல்.

மன்றத்துக்குப் பணம் திரட்ட, 1965 ஜனவரி 1 இரவு போல்க் தெருவின் கலிபோர்னியா ஹாலில் ஒரு நடன விருந்து வைத்தார்கள். போதகர்கள் முன்கூட்டியே காவல்துறையிடம் போய்ப் பேசியிருந்தார்கள், தொந்தரவு இருக்காது என்று நம்பினார்கள். அன்றிரவு வாசலில் பெரிய விளக்குகளைப் போட்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் போலீசார் படம் பிடித்தார்கள். அந்தப் படம் வேலை கொடுத்தவர் கைக்குப் போனால் வேலை போச்சு. கலிபோர்னியாவில் இத்தகைய உறவு சட்டப்படி குற்றமாக இருந்த நாட்கள் அவை. 1976இல்தான் அந்தச் சட்டம் போனது. இத்தனைக்கும் நடுவில் சில நூறு பேர் உள்ளே போனார்கள். போதகர்கள் தங்கள் மனைவிமாரோடு வந்து நின்றார்கள். வாரன்ட் இல்லாமல் உள்ளே நுழைய விடமாட்டோம் என்று தடுத்த வழக்கறிஞர்கள் ஹெர்பர்ட் டொனால்ட்சனும் எவாண்டர் ஸ்மித்தும் கைதானார்கள். சீட்டு வாங்கும் மேசையில் இருந்த பெண்ணையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஏழு போதகர்கள் பத்திரிகையாளர்களை அழைத்தார்கள். நேற்றிரவு போலீஸ் செய்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம் என்றார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு தன் வாதத்தை வைப்பதற்கு முன்பே, குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லும்படி ஜூரிகளுக்கு நீதிபதி உத்தரவிட்டார். கைதான டொனால்ட்சன் பிற்காலத்தில் நீதிபதியாகவே உட்கார்ந்தார்.

இந்தக் கதையை எங்கள் பயிற்சியாளர் சொல்லக் கேட்டபோது என் மனதில் தைத்தது ஒன்றுதான். அந்த ஏழு பேர் சொன்னதில் புதிது ஏதும் இல்லை. அடி வாங்கியவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. அங்கி போட்டவன் சொன்னதும் ஊர் நம்பியது. அது நியாயமில்லைதான். ஆனாலும் கையில் இருந்த காசு அது. செலவழித்தார்கள்.

எங்களுக்கு அந்தக் காசு தானாகவே சேருகிறது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைக்கிறார்கள், காவல் நிலையத்தில் நாற்காலி போடுகிறார்கள். நாங்கள் அதைச் சேர்த்து வைக்கிறோம். யாருக்காகச் சேர்க்கிறோம் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாப் பெருமையையும் போதகர்கள் தலையில் கட்டுவதும் தப்பு. 1966 ஆகஸ்டில், கிளைடுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த காம்ப்டன்ஸ் என்ற உணவு விடுதியில், தன்னைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் முகத்தில் ஒரு திருநங்கை காபியை வீசினார். கலவரம் மூண்டது. நியூயார்க்கின் ஸ்டோன்வால் எழுச்சிக்கு மூன்று ஆண்டு முந்தியது அது. அன்று எழுந்து நின்றவர்கள் அந்தத் தெருப் பெண்கள்தான். கிளைட் செய்தது, அந்தத் தெருவின் இளைஞர்கள் 'வான்கார்ட்' என்று தங்களுக்கென ஒரு சங்கம் கட்டியபோது கூடிப் பேச இடம் கொடுத்ததும் பக்கத்தில் நின்றதும். இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதும் தலைமைதான் என்று எங்களில் பலருக்குப் புரிவதில்லை. நாங்கள் நாற்காலி கொடுத்தால் மைக்கையும் பிடித்துக்கொள்வோம்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த அந்த ஓராண்டில் வேதாகமத்தில் ஒரு சொல்லும் என்னைப் பிடித்துக்கொண்டது. இறந்துபோன ஒருவருக்கான நினைவு ஆராதனையில் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் வாசித்தார்கள். பிலிப்பு ஒரு எத்தியோப்பியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் கதை. ஆங்கிலத்தில் அவர் விதை நீக்கப்பட்டவர் என்று பளிச்சென்று இருக்கிறது. கிரேக்கச் சொல்லும் அதுதான். நாங்கள் சிறுவயது முதல் வாசித்த தமிழ் வேதாகமத்தில் அவர் "மந்திரி". ஓய்வுநாள் பள்ளியில் அவரைத் தலைப்பாகை கட்டித் தேரில் உட்காரவைத்துப் படம் வரைந்திருக்கிறோம். மத்தேயுவில் இதே சொல்லை "அண்ணகர்" என்று போட்ட அதே தமிழ் வேதாகமம், சபையின் முதல் நாட்களில் சேர்த்துக்கொள்ளப்பட்ட இந்த மனிதருக்கு மட்டும் பதவி கொடுத்து உடம்பை மறைத்துவிட்டது. இத்தனை வருடம் நான் பிரசங்கம் பண்ணியது யாரைப் பற்றி என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும், 1987இல் நான் கல்யாணம் செய்துவைத்த அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தார். தெரியாது என்று சொன்னது பொய், தெரிந்துதான் செய்தேன் என்றேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "மூணு வாரம் சபையக் கேட்டிய. ஒரு வாரம் என்னட்டக் கேட்டிருக்கலாம்லா" என்றார்.

அந்தக் காசை நான் செலவு செய்ய வேண்டிய நாள் 2009இல் வந்தது. திருநங்கை என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறி, நல வாரியம் அமைத்து ஓராண்டு ஆகியிருந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாய்க்குப் பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போன பிள்ளை, நாற்பது வயதில் நோயோடு மகளாகத் திரும்பி வந்து, ஆறு மாதம் தாய் மடியில் இருந்து இறந்துபோனாள். விடிவதற்குள் சபைச் செயலர் வந்துவிட்டார்.

"ஐயா, கல்லறைத் தோட்டத்துல வேண்டாம். கமிட்டி சம்மதிக்காது. நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாவ."

"ஞானஸ்நானப் பதிவேட்டுல பேர் இருக்கு. அந்தம்மா சங்கக் காணிக்கை ஒரு மாசம் பாக்கி வச்சதில்ல. எந்தச் சட்டத்துல மறுக்கிறது, சொல்லுங்க."

"சட்டம் பேசாதிய ஐயா. ஊர் இருக்குல்லா."

"ஊருக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

சொன்னேனே தவிர கால் நடுங்கியது. அடக்கம் நாலு மணிக்கு. மூன்றரைக்கே அங்கியைப் போட்டுக்கொண்டு தோட்டத்து வாசலில் போய் நின்றேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் அவளுடைய தோழிகள் பதினொரு பேர் நின்றார்கள். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட அவர்கள் வரவில்லை. ரோட்டைக் கடந்து போய், "வாங்கம்மா, பெட்டி வர்ற நேரம்" என்று கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டியிலிருந்து பெட்டியை இறக்க உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தோழிகளில் நால்வர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். ஏசாயா ஐம்பத்தாறாம் அதிகாரத்தை வாசித்தேன். அண்ணகருக்குத் தம் வீட்டில், பிள்ளைகளைவிட மேலான ஒரு பெயரைத் தருவேன் என்று கடவுள் வாக்குக் கொடுக்கும் இடம் அது.

பெயர்தான் அடுத்த சிக்கல். அன்று ராத்திரி பதிவேட்டைத் திறந்தபோது தாய் கேட்டார்: "எந்தப் பேர எழுதுவிய ஐயா?"

"நீங்க எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டிய?"

"கடைசியா, அவ சொன்ன பேரத்தான்."

அதையே அடக்கப் பதிவேட்டில் எழுதினேன். பிறகு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, அவள் பிறந்த வருடத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கிருந்த பெயரின் மேல் கோடு இழுக்கவில்லை. அது தவறாக எழுதப்பட்டதல்ல, ஒரு தாய் ஆசையாக வைத்தது. ஓரத்தில் மட்டும் அவள் பெயரை எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன்.

நான்கு குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. மே மாத மாற்றல் பட்டியலில் என் பெயர் தேரிக்காட்டு ஓரத்துச் சின்னச் சேகரம் ஒன்றுக்கு நேரே இருந்தது. இதற்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. வேலையிழந்தவர்கள், கைதானவர்கள் கதைக்கு முன்னால் இது ஒரு காசும் பெறாது. ஆனால் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. புது ஊருக்குப் போன முதல் வருடத்திலேயே, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், இரண்டு தாய்மார் தனித்தனியாகக் கதவைத் தட்டினார்கள். இருவருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருட ஊழியத்தில் அப்படி ஒரு தாய்கூட என்னைத் தேடி வந்ததில்லை. பிரச்சினை இல்லாததால் வராமல் இருந்தார்கள் என்றா நினைத்திருந்தேன்?

செசில் வில்லியம்ஸ் 2024 ஏப்ரல் 22 அன்று தம் தொண்ணூற்று நான்காம் வயதில் இறந்தார். மறுநாள் சார்லட் நகரில் ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் பொது மாநாடு கூடியது. தன்பாலின உறவு கிறிஸ்தவப் போதனைக்குப் பொருந்தாது என்று 1972 முதல் அந்தச் சபையின் சட்டப் புத்தகத்தில் இருந்த வாசகத்தை மே 2ஆம் தேதி வாக்கெடுத்து நீக்கினார்கள். கிளைட் அதற்குள் அந்தச் சபையைவிட்டு வெளியேறியிருந்தது. பத்து நாள் பொறுத்திருந்தால் பார்த்திருப்பாரே என்று என் மனைவி சொன்னாள். அந்த வரி நீங்கட்டும் என்று அவர் ஒரு நாளும் பொறுத்திருந்தவர் இல்லையே என்றேன்.

எங்கள் ஊரில் குருவானவரைக் கௌரவிப்பதென்றால் பொன்னாடை, சந்தன மாலை, வெள்ளிவிழா மலர். எனக்கும் இதெல்லாம் நடந்தது, பீரோவில் இருக்கிறது. வில்லியம்ஸுக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். எங்கள் ஊரில் இப்போது இருக்கும் இளம் குருவானவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஓலை வாசிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு ஒரு மணி நேரம், பெண்ணோடு ஒரு மணி நேரம், தனித்தனியாக உட்காருங்கள், பெற்றோர் வெளியே இருக்கட்டும், நீங்கள் பேசாதீர்கள், கேளுங்கள். செய்கிறார். அப்படி உட்கார்ந்ததில் ஒரு கல்யாணம் ஓலை வரைக்கும் வராமலே நின்றுபோனது. காரணம் என்ன என்று ஊருக்குத் தெரியாது. எனக்கும் அவர் சொல்லவில்லை.

2024 மே மாதக் கடைசி ஞாயிறு, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஓலை வாசித்தார். தடை ஏதும் எவருக்காவது தெரியுமா என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினார். யாரோ இருமினார்கள். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு நொடி. அவர் அடுத்த வரிக்குப் போகும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.